ஒரே அடுப்புக் குடும்பம்

எங்கள் தெருவுக்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க யார் வந்தாலும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நான் என்ன செய்வது, வெளிச்சம் பார்த்துத் தையல் மிஷினைப் போட்டால் அது தெருவைப் பார்த்துத்தான் உட்காருகிறது. கண் ஊசியில் இருக்கும். காது தன் பாட்டுக்கு வெளியே போய்விட்டு வரும்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் வந்த பெண் எதிர்வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். கீழ்வீட்டைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என் வாசலில் வந்து செருப்பைக் கழற்றினாள்.

“எதிர்வீட்டைப் பத்தி ஒண்ணு கேக்கணும். ரெண்டு நிமிஷம் பேச முடியுமா?”

எதிர்வீட்டைப் பற்றி என்னிடம் கேட்பதற்காக ஒருத்தி பெட்ரோல் செலவழித்து வந்திருக்கிறாள்! தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையை ஓரம் போட்டுவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

“தாய் சேய் ஊட்டச்சத்து ஆபீஸ்லேருந்து வர்றேன். அந்த வீட்ல மாடியில இருக்கறவங்களும் கீழ இருக்கறவங்களும் ஒண்ணாதான் சமைச்சுச் சாப்பிடறாங்களா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“விசாரணைங்க. வேற எதுவும் நான் சொல்லக் கூடாது.”

சொல்லக் கூடாது என்றதும் எனக்கு மண்டைக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமலா? கீழே இருப்பது பெயிண்ட் கடைக்காரம்மா. வீட்டுக்காரர் போன பிறகும் மெயின் ரோட்டுக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள். மாடி அறையில் அவள் மகன் குடும்பம். மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். மருமகள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. கல்யாண வீடோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, எங்கே உட்கார்ந்தாலும் கடைக்காரம்மா அலுக்காமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “எங்க வீட்ல ஒரே அடுப்பு.”

“ஒரே அடுப்புதாங்க,” என்றேன் நானும். “இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமியார் மருமகளைக் காசு குடுத்தாலும் பார்க்க முடியாது. தினம் மத்தியானம் அந்தப் பொண்ணு மூடி போட்ட பாத்திரத்தோட கீழ இறங்கும், கொஞ்ச நேரத்துல அதே பாத்திரத்தோட மேல ஏறும். இந்தக் கண்ணாலதானே பார்க்கிறேன்.”

யார் வீட்டில் என்ன பேச்சு என்றாலும் மூக்கை நுழைக்க மூலை மளிகைக்கடைக்காரருக்கு அழைப்பு தேவையில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்.

“சாமானெல்லாம் அந்தம்மாதான் வாங்குவாங்க. மருமக என் கடைப் படி ஏறி மாசக்கணக்காச்சு. ஏன் ஏறணும்? மகாராணி மாதிரி வச்சிருக்காங்க. எழுதிக்குங்க.”

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நாங்கள் இவ்வளவு புகழ்ந்தும் அவள் முகம் ஏனோ கரண்ட் போன வீடு மாதிரி ஆனது. “சரிங்க, நாளைக்கு மறுபடி வருவேன்,” என்று செருப்பை மாட்டினாள்.

அவள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மாடிக்காரி என் வாசலில் நின்றாள். குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. இவள் கண்ணில் தீப்பொறி.

“என்னக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?”

“நல்லதைத்தான் சொன்னேன். ஒரே குடும்பம், ஒரே அடுப்புன்னு.”

“போச்சு.” அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “நல்ல பேரு வாங்கிக் குடுத்தீங்கக்கா. ரொம்ப நன்றி.”

பிறகுதான் விஷயம் வந்தது. ஆஸ்பத்திரியில் இவளுக்கு ரத்தம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கைப்பிள்ளை எடையும் ஒரே இடத்தில் நிற்கிறதாம். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் மாதாமாதம் பால், முட்டை, பருப்பு, பழம் எல்லாம் அரசாங்கம் தருகிறது, எழுதிப் போடு என்று நர்ஸே சொல்லி அனுப்பியிருக்கிறாள். இவளும் எழுதிப் போட்டிருக்கிறாள். ஆனால் அங்கே ஒரு விதி. ஒன்றாக வாங்கி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். பெயிண்ட் கடை வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் இவளுக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்காது.

“நான் பொய் எழுதலக்கா. தனியா சமைக்கிறோம்னு எழுதினேன். அதுதான் நிஜம்.”

“என்னது?”

“மழைக்காலத்துக்கு முன்னாடிலேருந்தே தனி அடுப்புதான்.”

எனக்குத் தலை சுற்றியது. அந்த வீட்டில் தபால்காரர் பெல் அடித்தால் எத்தனை முறை அடித்தார் என்று சொல்லக்கூடியவள் நான். என் மூக்குக்கு நேர் எதிரே ஒரு குடும்பம் தனிக்குடித்தனம் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல்!

“அப்போ அந்தப் பாத்திரம்?”

“காலிப் பாத்திரம். தனியா சமைச்சுக்கோ, தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. அதுக்குத்தான் கீழ கொண்டு போய் ஸ்டூல் மேல வச்சிட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டு எடுத்துட்டு வருவேன். சாமானும் அடுத்த தெருவுல வாங்கறேன்.”

“பேசிக்க மாட்டீங்களா?”

“என்னத்தப் பேச? அவங்க டி.வி. பார்ப்பாங்க. நான் பாத்திரத்தைப் பார்ப்பேன்.”

“ஏம்மா பிரிஞ்சீங்க? என்ன நடந்தது?”

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். “அது எங்க வீட்டு விஷயம்க்கா. நாளைக்கு அந்த மேடம் வர்றப்போ நீங்க சொன்னதை மாத்திச் சொன்னாப் போதும்.”

சொல்லிவிட்டுப் போனாள். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். தினமும் பார்க்கிற படிதான், பார்க்கிற ஆள்தான். இதுவரைக்கும் நான் பாத்திரத்தைப் பார்த்தேனே தவிர, அதைத் தூக்கியவளின் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. வளையல் முழங்கை வரை ஓடிவிடும் போல் இருந்தது.

சும்மா இருக்க முடியுமா? ஜன்னலுக்குப் பெயிண்ட் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா டப்பா மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

“மருமகளுக்கு உடம்பு சரியில்லையாமே?” என்று ஆரம்பித்தேன்.

“யாரு சொன்னா?”

“பார்த்தாத் தெரியுது. நல்லா ஆக்கிப் போடுங்க. உங்க வீட்லதான் ஒரே அடுப்பாச்சே.”

நெம்பின கை நின்றது. பிறகு மூடி பட்டென்று திறந்தது. “என்ன கலர் வேணும் உனக்கு?”

“பச்சை.”

“பச்சைன்னா இதுல பதினாறு இருக்கு. எந்தப் பச்சை?”

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து பெயிண்டைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. எனக்குத் தேவையே இல்லாத ஒரு பச்சை டப்பாவோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் ஸ்கூட்டர் வந்தது. வண்டிக்கு ஸ்டாண்ட் போடுவதற்குள் நான் குறுக்கே போய் நின்றேன்.

“மேடம், நேத்து நான் சொன்னது தப்பு. அவங்க தனித்தனிதான்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரைகுறையாகத் தைத்த துணியை நான் பார்க்கிற பார்வை அது.

“நேத்து கண்ணால பார்த்தேன்னீங்க.”

“பார்த்தேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“நான் சொன்னதும் தப்புதாங்க,” என்றார் மளிகைக்கடைக்காரர், என் பின்னாலிருந்து. அவருக்கு எதைப் பற்றித் தப்பு என்று தெரியாது. நான் சொன்னதால் சொன்னார்.

“தெரிஞ்ச பொண்ணுன்னு ரெண்டு பேரும் மாத்திச் சொல்றீங்க. இதை நான் எழுத முடியாது.” அவள் மாடிக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் பின்னாலேயே போனேன். தாளித்த எண்ணெய் சுவரெல்லாம் தெறித்திருந்தது, நன்றாகப் புழங்கின அடுப்புதான். ஆனால் ஒன்றாகச் சாப்பிடுகிற வீட்டில்கூட இரண்டு அடுப்பு இருக்கும், கீழே இருக்கிறவர்கள் சொன்னால்தான் செல்லும் என்று அவள் முடித்துவிட்டாள். மாடிக்காரி படிமேல் நின்றாள்.

யார் போய்ச் சொன்னார்களோ, அப்போதுதான் கடைக்காரம்மா வேகவேகமாகத் தெருவுக்குள் நுழைந்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்க வேண்டும், கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்.

“என் வீட்டு வாசல்ல என்ன கூட்டம்?”

கூட்டம் என்றால் மூன்று பேர். ஆனால் ஜன்னல்களைச் சேர்த்தால் தெருவே கூட்டம்தான்.

ஆபீஸ் பெண் நிதானமாகத்தான் கேட்டாள். “அம்மா, உங்க மருமக உதவிக்கு மனு குடுத்திருக்காங்க. அவங்க உங்களோட சேர்ந்துதான் சாப்பிடறாங்களா?”

“உதவியா? எதுக்கு உதவி? நான் என்ன செத்தாப் போயிட்டேன்?” மாடியைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். “எங்க வீட்ல ஒரே அடுப்பு. யாரை வேணா கேளுங்க.”

“கேட்டாச்சு. உங்ககிட்டத்தான் கேக்கணும்.” பேனாவைத் திறந்தாள். “பேத்தி இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டா?”

சாதாரணக் கேள்வி. ஒரே அடுப்பு வீட்டில் ஒரு நொடியில் வந்து விழ வேண்டிய பதில். கடைக்காரம்மா கையிலிருந்த பெயிண்டைப் புடவையில் துடைத்தாள். புடவை நாசமானதைக்கூடக் கவனிக்கவில்லை.

“பால்,” என்றாள்.

ஆபீஸ் பெண் மேலே பார்த்தாள். மாடிக்காரி தலையை லேசாக ஆட்டினாள், இல்லையென்று.

“பால் வாங்கி நாலு நாளாச்சு,” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு என் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை.

கடைக்காரம்மா படியில் கை வைத்து நின்றாள். கடையில் வாடிக்கையாளனைப் பேரம் பேசவிடாமல் அடிக்கிற அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. ஆனால் சொன்னதைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

“தெரியாது. பேத்தி என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாது. தனித்தனிதான். ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அன்னிலேருந்து அவ என் வீட்டுத் தண்ணிகூடக் குடிக்கறதில்ல. எழுதிக்கம்மா.”

என்ன வார்த்தை? என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆபீஸ் பெண் கேட்பாள் என்று பார்த்தேன். அவளுக்கு அதற்கென்று கட்டம் இல்லை போலிருக்கிறது. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டு எழுதினாள்.

“இதுல கையெழுத்துப் போடுங்க. அடுத்த மாசத்துலேருந்து வந்துடும்.”

கடைக்காரம்மா பேனாவை வாங்கினாள். போடவில்லை. “ஒண்ணு கேக்கலாமா? போட்டுட்டா, நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் குடுத்தா… அதைச் சேர்த்துச் சமைச்சதுன்னு பிடிச்சு நிறுத்திடுவீங்களா?”

“ஒரு டம்ளர் பாலுக்கெல்லாம் எங்ககிட்ட கணக்கு இல்லம்மா. பாட்டி குடுக்கலாம். வாங்கிக்கிறது அவங்க இஷ்டம்.”

எல்லாரும் மேலே பார்த்தோம். மளிகைக்கடைக்காரர்கூட ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

மாடிக்காரி குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

“முதல்ல கையெழுத்தைப் போடச் சொல்லுங்க,” என்றாள்.

கடைக்காரம்மா போட்டாள். தாளில் வெள்ளைக் கட்டைவிரல் தடமும் விழுந்தது. ஆபீஸ் பெண் அதை ஊதி ஊதிக் காயவைத்தாள். மாடிக்காரி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, மாமியாருக்கு இரண்டு படி மேலேயே நின்றுகொண்டாள்.

“கையைக் கழுவிட்டு வாங்க அத்தை,” என்றாள். “பெயிண்டோட பிள்ளையைத் தூக்காதீங்க.”