நல்லா பேசுங்க

டாக்டரம்மா சொன்னது ஒன்று, குமாரவேல் வீட்டுக்குக் கொண்டு வந்தது வேறொன்று.

அப்போது அவன் மனைவி ஜெயஸ்ரீக்கு ஆறாம் மாதம். “குழந்தைக்கு இப்பவே காது கேட்கும். மூளையில நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கிட்டு இருக்கு. அதுகிட்ட நல்லா பேசுங்க” என்றார் டாக்டரம்மா. வலை பின்னுகிற குமாரவேலுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஒரு கண்ணி தப்பினால் வலையே கோணல். நல்லா பேசுவதென்றால் நல்ல தமிழ் பேசுவது. துறைமுகத்தில் வேலை கேட்டுப் போனபோது, அவன் ‘இன்னா சார்’ என்றதற்கே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை.

ரேடியோச் செய்தியை டேப்பில் பதிந்து அவள் வயிற்றருகே வைத்தான். தன் பேச்சு குழந்தை காதில் விழக் கூடாதென்று வீட்டுக்குள் தானும் வாயை மூடிக்கொண்டான்; சோறு வேண்டுமென்றாலும் சைகைதான். அவளையும் வாயை மூடச் சொல்லி உதட்டில் விரல் வைத்தான்.

“நா கம்முனு இருந்தா மீனு எப்டிய்யா விக்கும்? எம்புள்ளகிட்ட நா பேசுவேன், போய்யா!”

விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்? ஒன்பதாம் மாதம் வரை எண்ணூர் மார்க்கெட்டில் மீன் கூடை முன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கூவினாள். “சங்கரா கீது, வவ்வாலு கீது, வாம்மா வா!” வயிற்றில் உதை விழுந்தால், “இன்னா, யாவாரத்துல பங்கு வோணுமா?” என்பாள். பகலெல்லாம் மீன், மாலையில் உலகச் செய்தி. பாவம் அந்தக் குழந்தை!

பெண் பிறந்தது. நர்ஸ் ஒரு மணியை ஆட்டிப் பார்த்தார், கை தட்டிப் பார்த்தார். குழந்தை அசையவில்லை. “காது கேட்குதான்னு பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா. குமாரவேல் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு ஓடிப்போய் டேப்பைக் கொண்டுவந்து போட்டான். செய்தி முழுக்க ஓடியது. குழந்தை கொட்டாவி விட்டது.

ஜெயஸ்ரீ பிரசவத் தையல் இழுக்க இழுக்க எழுந்து உட்கார்ந்து, கூவ வாய் திறந்தாள்.

“வார்டுல சத்தம் போடாதம்மா” என்றார் நர்ஸ்.

“போடத்தான் போறேன்.”

போட்டாள். “சங்கரா கீது, வவ்வாலு கீது, வாம்மா வா!”

குழந்தை கண் திறந்தது. முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. கட்டிலின் மறுபக்கம் போய்க் கூவினாள். முகம் அங்கேயும் வந்தது.

“கேட்குது. எதுக்கும் மெஷின்லயும் பார்த்துடலாம்” என்று சிரித்தார் டாக்டரம்மா. “நல்லா பேசுங்கன்னா, நிறையப் பேசுங்கன்னுதானே சொன்னேன்?”

குமாரவேல் டேப்பை ஓரமாக வைத்தான். குழந்தையிடம் குனிந்தான். “இன்னாம்மா… நாந்தான் உன் நைனா.”

குழந்தை திரும்பவில்லை. அந்தக் குரல் அதற்குப் பழக்கமே இல்லை. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இன்னும் பேசுய்யா” என்றாள் ஜெயஸ்ரீ.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இன்னாம்மா, கேக்குதா?” என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.