முன் முப்பது, பின் பத்து

கோடை விடுமுறைக்கு இருபது நாவல்கள், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சிபாரிசு. தலைமை நூலகத்திலிருந்து ஆண்டுதோறும் இந்த உத்தரவு வரும். எங்கள் கிளையில் அது என் தலையில்தான் விழும். இருபதையும் நான் வரி விடாமல் படித்தேன் என்று யாராவது நம்பியிருந்தால் அவர்களுடைய நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. கவுன்ட்டரில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த புத்தகத்துக்கு அட்டை ஒட்டி, 'நான் கிழிக்கவே இல்லை' என்பவர்களோடு மல்லுக்கட்டி, எப்போது படிப்பது? அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். முன்னால் முப்பது பக்கம், பின்னால் பத்துப் பக்கம். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கா தெரியாது? இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

பட்டியலை அனுப்ப இரண்டு நாள் இருந்தபோது நீதிபதி வந்தாள். அது நான் வைத்த பட்டப்பெயர். ஒன்பது வயதில், நடுவில் ஒரு தாள் கிழிந்துபோன புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "இதைக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க பாக்கலையா?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டவள். இப்போது பதினைந்து வயது. எப்போதும் அம்மாவோடுதான் வருவாள். அம்மா பஸ் கண்டக்டர். இந்த நூலகத்தில் 'மெதுவா பேசுங்க' என்று நான் அதிகம் கண்டித்தது அந்த அம்மாளைத்தான். "இதுக்குமேல குறைச்சா எனக்கே கேக்காது மேடம்" என்பார்.

அன்று நீதிபதி தனியாக வந்திருந்தாள்.

"அம்மா எங்க? பக்கத்துத் தெருவுல இருந்து பேசிட்டிருக்காங்களா?" என்று வழக்கம்போல வம்பிழுத்தேன்.

"ஆஸ்பத்திரியில இருக்காங்க ஆன்ட்டி. தொண்டையில ஆபரேஷன். இனிமே பேச முடியாதாம். மத்தபடியும் டாக்டர் ஒண்ணும் நல்லதா சொல்லல." அவள் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "லீவு முழுக்க நான் அங்கதான். தினமும் படிச்சுக் காட்டச் சொல்லி எழுதிக் காட்டுறாங்க. ஒரு நாவல் வேணும். கடைசி வரைக்கும் அம்மா சாகாத கதையா."

எழுந்து அலமாரிக்குப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, இளைஞர் நாவல் எழுதுகிறவர்களுக்கு அம்மாக்கள் மீது என்ன கோபமோ! ஆளாளுக்கு முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துக்கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வகையில் நியாயம்தான். அம்மா உயிரோடு இருந்தால் பிள்ளை எப்படிச் சுவர் ஏறிக் குதித்து சாகசம் செய்யும்? சாப்பிட்டுவிட்டுப் போ என்று பின்னாலேயே வருவாளே.

கடைசியில், புதிதாக வந்த புத்தகக் கட்டுக்குள் ஒரு நாவல் அகப்பட்டது. நின்றுகொண்டே முன் முப்பதைப் புரட்டினேன். சைக்கிள் ஓட்டத் தெரியாத மகளை அம்மா கேலி செய்துகொண்டிருந்தாள். பின் பத்தைப் புரட்டினேன். அம்மா சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவருகிறாள். 'நான் விடல, நீ மிதி' என்று கத்துகிறாள். அதோடு கதை முடிகிறது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"இந்தா. இதுல அம்மா சாகல."

"நிச்சயமா? நீங்க படிச்சீங்கல்ல?"

"படிக்காம குடுப்பேனா?"

அவள் முகம் தெளிந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அந்த நாவலையே பட்டியலில் முதலாவதாகப் போட்டேன். 'கடைசிப் பக்கம் வரை அம்மாவும் மகளும் சேர்ந்து சிரிக்கும் கதை' என்று ஒரு வரியும் எழுதினேன்.

பட்டியல் அச்சாகி வந்து வாசலில் ஒட்டிய அன்று, புத்தகம் அடுக்குகிற அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எதையும் எழுத்துக்கூட்டி, மெதுவாக, முழுசாகப் படிக்கிறவர். ஒரு நாவலை ஒரு மாதம் வைத்திருப்பார், நான் கிண்டல் செய்வேன்.

"மேடம், முதல்ல போட்டிருக்கீங்களே, அது தப்பாச்சே. நம்மகிட்ட வந்த ரெண்டு காப்பியில ஒண்ணை நான்தான் வச்சிருந்தேன். அந்தம்மா நூத்தி நாப்பத்தோராம் பக்கத்துல போயிடுவாங்க. கடைசியில வர்றது அந்தப் பொண்ணு பழசை நெனச்சுப் பாக்கறது."

பதிவேட்டில் அவள் வீட்டு போன் நம்பர் இருந்தது. போனை எடுத்தேன், வைத்தேன். ஆஸ்பத்திரி இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருந்தது. போய், 'இதைக் குடு, வேற நல்லது கொண்டுவந்திருக்கேன்' என்றால் முடிந்தது. ஆனால் ஏன் என்று நீதிபதி கேட்பாள். படிக்காமல் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவள் அழுவாளே என்பதைவிட, பிடிபட்டுவிடுவேனே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்க மாட்டாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாளைக்குப் போகலாம் என்று ஆறு நாள் சொன்னேன். அதற்குப் பிறகு அதையும் சொல்லவில்லை.

விடுமுறையின் கடைசி வாரத்தில் அவள் வந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"அம்மா கார்டு உள்ள இருக்கு. இனிமே வேணாம்ல."

அவளே பேசினாள்.

"சத்தமாப் படிக்கும்போது கண்ணு வாயைவிட ஒரு வரி முன்னாடி போகும் ஆன்ட்டி. அதனால பாத்துட்டேன். தொண்டை காயுதுன்னு சொல்லித் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா புத்தகம் அம்மா கையில இருந்துச்சு." மேசைமேல் இருந்த புத்தகத்தைத் தொட்டாள். "'இந்தம்மா ரொம்பத் தொணதொணப்பு, போனாப் போகட்டும் விடு'ன்னு எழுதிக் காட்டினாங்க. சிரிச்சாங்க. அதுக்கப்பறம் படிக்கச் சொல்லவே இல்ல. ரெண்டு பேரும் டிவி பாத்தோம். கடைசி நாள் வரைக்கும்."

"கண்ணு..."

"நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிவந்த கண்களுக்கு முன்னால் இன்னொரு பொய் என் வாயில் வரவில்லை.

"இல்ல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இடுப்பில் கை வைத்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க தெரிஞ்சேதான் மறைச்சீங்கன்னு நெனச்சேன். வேற கதை கிடைக்கல, நாங்க சந்தோஷமா ஆரம்பிக்கட்டும்னு பொய் சொல்லியிருப்பீங்கன்னு. அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். 'பாவம் மேடம், தேங்க்ஸ் சொல்லு'ன்னு எழுதினாங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். வாசலில் பட்டியலைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அண்ணன் கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டார். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரம் மடங்கியிருந்தது. கடைசி வரை படித்து முடித்தேன். நல்ல நாவல்தான். யாருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு செய்யலாம், அவள் ஒருத்திக்குத் தவிர.

இறந்தவர்களின் கார்டில் ஓட்டை போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. பின்னட்டைக்குள்ளிருந்து அம்மாவின் கார்டை உருவினேன். கூடவே இன்னொன்றும் வந்தது. ஒன்பது வயதில் எடுத்த படத்தோடு, அவளுடையது.