துடைப்ப வண்டிக்கு முன்னால்

பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து சீஸ் கடை எர்சீலியாவுக்கு மட்டும் மலைச்சாலைகள் தலைகீழாகிவிட்டன. ஏற்றமெல்லாம் அவளுக்கு இறக்கம், இறக்கமெல்லாம் ஏற்றம். அதே வாரம் எங்கள் மலையூர் வல்தேர்னாவில் பனி உருகத் தொடங்கியது, முட்டை விலை கொஞ்சம் ஏறியது, வேறு விசேஷமில்லை.

ஜூன் கடைசி ஞாயிறன்று இங்கே ஏழு கணவாய்களின் சைக்கிள் சவாரி நடக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். எல்லோருக்கும் பின்னால் துடைப்பம் கட்டிய வேன் ஒன்று வரும். அது எட்டிப் பிடித்தவரைச் சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும். எர்சீலியா பதினோரு வருடம் போனாள், பதினோரு வருடமும் ஐந்தாம் கணவாயில் வேனில் ஏறினாள். அதன் முன் இருக்கையில் சைக்கிள் கிளப்காரர்கள் அவள் பெயரைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வயது ஐம்பத்து நான்கு. ஒரே ஒரு தடவை தன் காலால் மிதித்து முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

மற்றவர்களுக்குச் சந்தேகம் முதலில் ஒரு செய்தித்தாளால்தான் வந்தது. ஏறி முடித்தவர்கள் உச்சியில் நின்று, இறக்கத்துக் குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க, சட்டைக்குள் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது வழக்கம். எர்சீலியா அதை மலையடிவாரத்திலேயே செருகினாள். பிறகு, மற்றவர்கள் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருக்க, காகிதம் படபடக்க அவர்களைத் தாண்டி மேலே போனாள், அதுவும் பிரேக் பிடித்தபடி. நடந்தது இன்னதென்று அவள் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தாள். மடியில் கனமில்லாதவள் வழியில் ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் நம்ப ஆளில்லை.

கிளப் தலைவர் ஓத்தோரீனோ சைக்கிள் பழுதுபார்ப்பவர்; தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கிற ரகம். அவள் சைக்கிளைத் திருகு திருகாகக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். செத்த குளவி ஒன்று வந்தது. அவளுடைய தண்ணீர் பாட்டிலை முகர்ந்தார், எலுமிச்சையும் உப்பும். சவாரிக்கு டாக்டர் சான்றிதழ் கட்டாயம் என்பதால் டாக்டரிடமும் போய் மெல்லக் கிளறினார். அந்த அம்மாள் இதயம் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். எதுவும் கிடைக்காததே அவருக்குப் பெரிய தடயமாகப் பட்டது. மே மாதம், தலைவர் கையெழுத்துக்காக அவள் விண்ணப்பத்தை நீட்டியபோது பேனாவை மூடி வைத்தார்.

"மோட்டார எங்க ஒளிச்சு வச்சிருக்க, எர்சீலியா? சொல்லிட்டா விஷயம் நம்மோட போயிரும்."

"ஏறும்போதே என்னைப் பாக்குறீங்களே தலைவரே," என்றாள் அவள். "எறங்கும்போது ஒருநாளாவது திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இறக்கத்தில் யார்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அவள் ஓட்டியாக வேண்டுமே என்று. இருபத்தாறு வருடம் விடாமல் ஓட்டியவர் அந்த வருடம் தன் சவாரி எண் அட்டையைத் துறந்து, துடைப்ப வேனில் அவள் பெயர் எழுதிய இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

ஆறு கணவாய்கள் வரை அவள் அவர் கண்ணில் படவில்லை. ஏழாவதன் உச்சி தாண்டியதும், ஊருக்குள் இறங்கும் கடைசிப் பதினெட்டு கிலோமீட்டரில், மற்றவர்கள் மிதிக்காமலே பறக்கிற அந்தச் சாலையில், அவளைக் கண்டார். பெடல் மேல் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலைந்தது. முகம் வெளுத்திருந்தது. டயரில் பட்ட கூழாங்கல் ஒன்று அவளை முந்திக் கீழே உருண்டு போனது. ஓட்டுநர் தார்ச்சீசியோ பிரேக்கை மிதித்தபடி, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஓத்தோரீனோ இறங்கி அவள் பக்கத்தில் நடந்தார். நடந்தே கூடப் போக முடிந்தது. மோட்டாரின் அதிர்வு தெரிகிறதா என்று இருக்கைக்கு அடியில் கை வைத்தார். அதிர்வு இல்லை. மலையின் பாரம் முழுக்க அவர் உள்ளங்கையில் இறங்கியது. ஏழு இறக்கமும் இவள் இப்படித்தான் வந்தாளா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டு நின்றார். அவள் பத்தடி, இருபதடி முன்னே போனாள்.

"வண்டிய ஓரங்கட்டு," என்றார் தார்ச்சீசியோவிடம். "எஞ்சின் சூடாயிருச்சுன்னு எழுதிக்க."

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்லையே, தலைவரே."

"எழுதுய்யா."

எர்சீலியா மாலை ஏழே முக்காலுக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினாள். துடைப்ப வேன் எட்டு மணிக்கு வந்தது. அதன் முன் இருக்கையில் பெயர் சுரண்டப்பட்டிருந்தது.

இப்போதெல்லாம் ஏழு இறக்கங்களின் நடுவிலும் ஒரு ஆளுக்கென்று தண்ணீர் மேஜை போடுகிறார்கள். யார் எங்கே நின்று செய்தித்தாளைச் செருகினாலும் கேள்வி இல்லை. ஓத்தோரீனோ பழையபடி சவாரிக்குப் போகிறார். ஒவ்வொரு உச்சியிலும் நின்று, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை விடுகிறார்.