பிளீச் வாளி

தோண்டிப் போட்ட ஐரிஸ் பூச்செடிக் கிழங்குகளின் நாற்றம் மூக்கில் ஏறியது. விடுதித் தோட்டத்துப் பாத்தியோரம் ஓரகத்திகள் இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழங்குகளில் கொழகொழத்துப்போன பாகத்தைச் சீவி எறிந்துகொண்டிருந்தார்கள். கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சீவ வேண்டும். ஒரு கிழங்கு முடிந்ததும் கத்தியை பிளீச் தண்ணீரில் முக்க வேண்டும். முக்காவிட்டால் அழுகல் கத்தியோடு அடுத்த கிழங்குக்குப் போய்விடும். போன பாத்தியை அப்படிக் கெடுத்தவளை சூப்பர்வைசர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இளையவள் போன வாரமே முக்குவதை நிறுத்திவிட்டாள். விரலிடுக்கில் தோல் வெடித்து, பிளீச் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. இப்போது வெடிப்பு ஆறிவிட்டது. ஆனாலும் கை வாளிப் பக்கம் போகவில்லை. கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கத்திய முக்குறியா?" மூத்தவள் நிமிராமல் கேட்டாள்.

"முக்குறேன்க்கா."

"உன் வாளித் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. மீன் வளக்கலாம்."

இளையவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "சொல்லிடாதக்கா."

"சொல்லி? நம்ம வீட்டு அண்ணனும் தம்பியும் மில்லு மூடினதுலேர்ந்து விட்டத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. நீயும் போய்ப் பக்கத்துல படுத்துக்கிறியா? இனிமேயாவது முக்கு."

சூப்பர்வைசர் வந்ததும் இருவரும் மும்முரமாகச் சீவினார்கள். போன வாரம் வெட்டிய கிழங்குகள் சாக்கின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. இன்னொன்றிலிருந்து பழுப்பு நீர் வடிந்தது.

"இது யாரு வெட்டினது?"

"எல்லாம் ஒண்ணாத்தான் காயப்போட்டோம், சார்," என்றாள் மூத்தவள்.

"அப்ப ரெண்டு பேரும் கெளம்புங்க."

மூத்தவள் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினாள். கையில் சுற்றியிருந்த துணி நழுவியது. விரல் நுனிகளெல்லாம் பிளீச்சில் ஊறித் தோலுரிந்து சிவந்திருந்தன. கத்தி பிடித்த இடத்தில் பச்சைப் புண்.

சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படி அழுத்தி வெட்டுவ? பாதி அழுகல உள்ளயே விட்டிருக்க."

"சார், அக்கா இல்ல..." என்று ஆரம்பித்தாள் இளையவள்.

"உன் கையக் காட்டு."

காட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு நல்லாத்தான இருக்கு. நீ உக்காந்து வேலையப் பாரு. அவங்க போகட்டும்."

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் கண்ணாலேயே தரையைக் காட்டினாள். இளையவள் உட்கார்ந்தாள்.

மூத்தவள் சாப்பாட்டுத் தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இரும்புக் கேட்டின் கொண்டியை விரலால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டால் நெம்பித் தூக்கி, தோளால் தள்ளி வெளியே போனாள்.

"கேட்டச் சாத்திட்டுப் போம்மா, மாடு வந்துரும்," என்றார் சூப்பர்வைசர்.

அவள் திரும்பி வந்து, மறுபடியும் மணிக்கட்டைக் கொண்டிக்கு அடியில் கொடுத்தாள்.