சுடர்விழி எடுத்த பொட்டலம்

அப்பா ஆவுடையப்பன் வண்டி ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தத்திலேயே, அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று சுடர்விழிக்குத் தெரிந்துவிடும். மிச்சத்தை அவர் மூஞ்சி சொல்லும். கோபக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே அந்தப் படிப்பு வந்துவிடுகிறது.

அத்தை சத்யபிரியாவுக்கு அப்பா பார்த்திருந்த அன்னவாசல் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பதையும் அவள்தான் முதலில் கண்டுகொண்டாள். அந்தப் பேச்சு வந்தாலே அத்தையின் முகம் செத்துப்போகும். ஆனால் அண்ணனை எதிர்த்துப் பேச அத்தைக்கு நாக்கு எழாது.

"நம்ம என்னத்தச் சொல்றது, சாமிகிட்டயே கேட்டுப்புடுவோம்" என்றார் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை காளி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குழந்தை எடுப்பது வெள்ளை என்றால் கல்யாணம். சிவப்பென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். பொட்டலத்தைப் பூசாரி கட்டுவதுதான் முறை. "நீங்க இருங்க சாமி" என்று ஆவுடையப்பன் தானே கட்டினார். அப்புறம் காளி பாவம், என்ன செய்வாள்!

"எடு தாயி."

சுடர்விழி பொட்டலத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். கை இடப்பக்கம் போனதும் அவர் கண் மலர்ந்தது. வலப்பக்கம் போனதும் தாடை இறுகியது. வெள்ளை எதில் என்று புரிந்துபோயிற்று. வீட்டுக்குப் போனால் அடி விழலாம். பயமாகத்தான் இருந்தது. அத்தைக்காக வலப்பக்கத்தை எடுத்தாள்.

சிவப்பு. அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சின்னப் புள்ள, கும்புடாம எடுத்துருச்சு. இன்னொருக்கா பாப்பம்." ஆவுடையப்பன் மறுபடி கட்டினார். கட்டும்போது மகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவையும் கை இடப்பக்கம் போனதும் அவர் முகம் மலர்ந்தது. வலப்பக்கம் போனதும் நெற்றி சுருங்கியது. சுடர்விழி சட்டென்று வலப்பக்கத்தை எடுத்தாள். இலையைப் பிரித்தால் வெள்ளை. நெற்றியைச் சுருக்கிய அதே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மூஞ்சியாலும் பொய் சொல்லலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!"

அத்தை குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். "அத்தைக்குச் சந்தோசந்தான்டி தங்கம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சுடர்விழிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் தப்பா எடுத்துட்டேன்ப்பா! இன்னொருக்கா எடுக்குறேன்ப்பா!"

"அத்தைக்காரி வேற வீட்டுக்குப் போயிருவாளேன்னு அழுவுது புள்ள" என்று ஆவுடையப்பன் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

ஆமாமா, இருக்காதா பின்னே, என்று எல்லாரும் சிரித்தார்கள்.