வாசல் தாண்டும் அடி

லூர்துபிரகாஷ் என் கட்டுரையைத் தன் பெயரில் படிக்கப்போகிறான் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். கேண்டீனில் அவனே சொன்னான்.

"நீ மேடை ஏறுனாலே வாயடைச்சுப் போற, ஹனீன். நான் படிச்சா பாரிஸ் வரைக்கும் போவும். கடைசியில உனக்கு ஒரு நன்றி போட்டுடறேன்."

ஒப்பிலக்கியத் துறையிலிருந்து பாரிஸ் கருத்தரங்குக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள்; முதலில் துறை அரங்கில் படித்துக்காட்ட வேண்டும். பிரெஞ்சில் ஆக்கித் தரச் சொல்லி நான்தான் கட்டுரையை அவனிடம் கொடுத்திருந்தேன். அவன் வீட்டில் பிரெஞ்சு சமையலறை வரை புழங்கும். ஆக்கினான். பெயரை மட்டும் மாற்றித் துறைக்கு அனுப்பிவிட்டான்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மருதாணி இடும்போது பெண்கள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. மணப்பெண் வாசல் தாண்டும் அடி வந்ததும் யாரும் பாடமாட்டார்கள். கைதட்டல் மட்டும் கேட்கும். பழைய பிரெஞ்சு ஊமைப் படம் ஒன்றிலும் மணப்பெண் வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில் எழுத்தில்லாத வெறும் அட்டை வரும். பாட்டும் படமும் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் என் கட்டுரை. பேசாமல் இருப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

"பாட்டை எங்க கேட்டேன்னு கேப்பாங்களே," என்றேன்.

"நெல்லித்தோப்புல கல்யாண வீட்டுக்குப் போயி, பொம்பளைங்களோட ஒரு மூலையில உக்காந்து கேட்டேன்னு சொல்லிக்கிறேன். எங்க வீட்டுக் கல்யாணத்துல டான்ஸே நான்தான் ஆரம்பிப்பேன்."

அவனைத் திருத்த ஒரு வாக்கியம் போதும். டீயைக் குடித்து முடித்தேன். வெளியே வந்து அத்தாவின் தங்கை ரோஷன் பீவி மாமிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு யுனிவர்சிட்டிக்கு வரீங்களா மாமி? உங்க பாட்டைப் பத்திப் பேசறாங்க."

மறுநாள் துறை அரங்கில் அவன் தமிழில் நன்றாகவே படித்தான். மருதாணி வாசனை, மூலையில் அவன், சுற்றிலும் பெண்கள். எல்லாம் இருந்தது. கேள்வி நேரத்தில் மாமி முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, அந்தக் கல்யாணம் என் வீட்லதான். பாடுனதும் நான்தான். அன்னிக்கு எங்க வீட்டு ஆம்பளைங்களையே மாடிக்கு அனுப்பிடுவோம். பொண்ணைப் பெத்த அத்தாவே உள்ள வரமுடியாது. நீ எந்தக் கதவால வந்தே?"

"பீரோவுக்குள்ள இருந்திருப்பான்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. அரங்கு சிரித்தது.

"ரெக்கார்டிங்ல..." என்று ஆரம்பித்தான்.

"போனை வெளிய வெச்சுட்டுத்தான் உக்காருவோம். எம் மருமவ, அண்ணன் பொண்ணு, அவ ஒருத்திதான் கூட இருந்து எழுதிக்கிட்டா." மாமி என்னைக் கைகாட்டினார்.

துறைத்தலைவர் அஞ்சலாட்சி மேடம் என் பக்கம் திரும்பினார். அவனும் திரும்பினான்.

"ஹனீன், நீயாவது ஏதாவது சொல்லேன்," என்றான். கேண்டீனில் நான் விழுங்கிய வாக்கியம் அவனுக்கு இப்போதுதான் எட்டியிருந்தது.

நான் சொல்லவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். இனித்தது.

"கட்டுரையை வெச்சுட்டுப் போங்க பிரகாஷ்," என்றார் மேடம். "எழுதுனவங்க வந்து படிக்கட்டும். பாரிஸ்லயும் அவங்களே படிக்கட்டும்."

அவன் தாள்களை மேசையில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் நடந்தான். கதவருகே போகும்வரை காத்திருந்தேன். அவன் வாசலைத் தாண்டும்போது கைதட்டத் தொடங்கினேன், மெதுவாக, எங்கள் வீட்டுத் தாளத்தில். மாமியும் சேர்ந்துகொண்டார்.