ரடிக்காரர்கள் இழுத்துப் போன பல்கலைக்கழகம்

கால்டர் ஊர்க்காரர்கள் கேட்டது சிறைச்சாலை. கிடைத்தது பல்கலைக்கழகம். வருஷம் நாலாகியும் அந்த வருத்தம் அவர்களுக்கு ஆறவில்லை. அமெரிக்காவில் டகோட்டா பிரதேசத்துச் சட்டமன்றம் அரசாங்க நிலையங்களை ஊர்களுக்குப் பங்கு பிரித்தபோது தலைநகரத்தை ஒரு ஊர்க்காரன் தட்டிக்கொண்டு போனான், பைத்தியக்கார ஆஸ்பத்திரியை இன்னொருவன் தட்டிக்கொண்டு போனான். சிறைச்சாலை என்றால் மாவும் பன்றி இறைச்சியும் உள்ளூர்க் கடையில்தான் வாங்கியாக வேண்டும். கைதி ஓடிப்போக மாட்டான். மாணவனோ அறுவடை வந்தால் ஓடிவிடுவான். அவனை நம்பி எந்தக் கடைக்காரன் சரக்கு வாங்கிப் போடுவான்?

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவராக வெர்மான்ட்டிலிருந்து வந்து சேர்ந்தவர் அம்ப்ரோஸ் டில்லிங். ரயிலை விட்டு இறங்கி, வண்டியேறி வந்து பார்த்தால் இரண்டு அறை கொண்ட வெள்ளைப் பலகைக் கட்டடம் ஒன்று நின்றது. பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று, அது கோர்ட்டு. அந்த வட்டாரத்துத் தச்சனுக்குத் தெரிந்த வரைபடம் அது ஒன்றுதான். டில்லிங் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தலைவரும் அவரே, கிரேக்கமும் கணக்கும் நடத்துபவரும் அவரே, மணியடிப்பவரும் அடுப்பு மூட்டுபவரும் அவரே. மனிதர் அந்த மரப்பெட்டியின் மேல் உயிரையே வைத்துவிட்டார்.

அந்த ஜனவரியில் அந்த உயிருக்கே ஆபத்து வந்தது. மன்றத்திலிருந்து ஒரு குழு வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். கட்டடமும் இருந்து, வகுப்பும் நடந்தால் பல்கலைக்கழகம் பிழைக்கும். இல்லையென்றால் அனுமதி ரத்து. டில்லிங்கின் மனைவி லவினியா ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டாள். அவர் கரும்பலகைக்குப் புதிதாகக் கறுப்புப் பூசினார்.

வெள்ளிக்கிழமை காலை கைநிறைய விறகோடு அடுப்பு மூட்டப் போனார். அடுப்பைக் காணோம். அடுப்பைச் சுற்றியிருந்த பல்கலைக்கழகத்தையும் காணோம். அடிக்கற்கள் மட்டும் பனியில் பல்லிளித்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து மேற்கே, பக்கத்து ஊரான ரடிக்கைப் பார்த்து, பனியில் வழுக்கிப் போகும் சறுக்குக்கட்டைகளின் தடம் போயிற்று.

விஷயம் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் கோர்ட்டுக் கட்டடம் எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊர்தான் மாவட்டத்துக்குத் தலைமை. டில்லிங் வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் கால்டர்காரர்கள் ரடிக்குக்குப் போய், கோர்ட்டைச் சறுக்குக்கட்டைமேல் ஏற்றி, குதிரை பூட்டி இழுத்து வந்துவிட்டார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. அரசியல் என்பார்கள். ரடிக்காரர்கள் பதிலுக்கு வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

டில்லிங் ஓடிப்போய்க் கடைக்காரர் ஹைரம் லூமிஸின் கதவைத் தட்டினார். ஹைரம்தான் ஊருக்குத் தலைவர். அவர் துப்பாக்கியோடு வெளியே வந்து முதலில் கோர்ட்டு இருந்த திசையைப் பார்த்தார்.

"அப்பாடா! கோர்ட்டு பத்திரமா இருக்கு!"

"லூமிஸ், என் பல்கலைக்கழகத்தைக் காணோமய்யா!"

ஹைரம் திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பனியில கண்ணு தெரியாம பக்கத்துக் கட்டடத்தை இழுத்துட்டுப் போயிருக்கானுங்க, மடப்பசங்க! டேய், எல்லாரும் வாங்கடா, இந்தக் கூத்தைப் பாருங்க!"

ஊரே கூடிச் சிரித்தது. டில்லிங் மட்டும் விறகைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"ஆளுங்களை அனுப்புங்க. இன்னிக்குக் குழு வருது."

"அதுக்கு ஏன் அலையணும் புரொபசரே? அவனுங்களே கொண்டாந்து விட்டுருவானுங்க. அதை வெச்சுக்கிட்டு அவன் என்ன செய்வான்?"

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்தால் லவினியா குதிரை பூட்டிச் சறுக்குவண்டியைத் தயாராக வைத்திருந்தாள். வகுப்புக்கு வந்த மாணவர்களும் அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஸ்டர் டில்லிங், கோபப்படுறதை வண்டியில உக்காந்து படுங்க. காபி ஆறிடப் போகுது" என்றாள் அவள்.

இரண்டு ஊருக்கும் நடுவில், ஓடைக்கரையில், பல்கலைக்கழகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு சறுக்குக்கட்டை பள்ளத்தில் இறங்கிவிட்டது. படிகளில் ரடிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவன் டோர்கில் ஹாவ்லன், நார்வேக்காரன், தாடியெல்லாம் பனிக்கட்டி. விடிந்ததும் கோர்ட்டுப் பத்திரங்களைப் பார்க்கலாமென்று கதவைத் திறந்திருக்கிறான். கரும்பலகை நின்றிருக்கிறது.

"இது கோர்ட்டு இல்ல" என்றான் டோர்கில், குற்றம் டில்லிங்குடையது போல.

"இல்ல."

"ராத்திரி பூரா இழுத்தோம்யா!"

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. திருப்பிக் கொண்டுவந்து விடுங்க."

"குதிரைங்க செத்துரும் புரொபசரே. இங்கேயே விட்டுட்டுப் போறோம். எங்களுக்கு இது வேணாம்."

அவர்களுக்கும் வேண்டாம், இவர்களுக்கும் வேண்டாம். டில்லிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது காற்றில்லை.

கியெர்ஸ்டி என்ற மாணவி அவர் கோட்டைத் தொட்டாள். "சார், நேரமாயிருச்சு. மணியடிச்சிரட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மணி அதன் இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "அடி" என்றார்.

அடுப்பு மூட்டியாயிற்று. மாணவர்கள் சாய்ந்த தரையில் சாய்ந்தபடியே உட்கார்ந்தார்கள். லவினியா காபியும் டோனட்டும் எடுத்து வைத்தாள். அந்த வாசனை வெளியே போனதும் ரடிக்காரர்கள் குளிர்காய ஒவ்வொருவராக உள்ளே வந்து பின்பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டார்கள். அன்றைக்குக் கிரேக்கம். டில்லிங் அந்த முகங்களைப் பார்த்தார். எழுதிய கிரேக்கத்தை அழித்துவிட்டு, ஒரு கட்டையும் ஒரு கல்லும் வரைந்தார்.

"இது நெம்புகோல். இந்தக் கட்டடத்தோட மூலையைக் கியெர்ஸ்டி ஒருத்தியே தூக்கலாம்."

"அது நடக்காது" என்றது பின்பெஞ்சு.

"ஏன் நடக்காது, டோர்கில்?"

வாக்குவாதம் முற்றிப்போய் எல்லாருமாக வெளியே போனார்கள். ரடிக்காரர்கள் ஓடையோரத்திலிருந்து நீளமான மரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கல்லை எங்கே வைப்பதென்று டில்லிங் கணக்குப் போட்டார். கியெர்ஸ்டி மரத்தின் நுனியில் தொங்கினாள். மூலை முனகிக்கொண்டு எழுந்தது. மற்றவர்கள் கட்டைகளைச் செருகினார்கள். பல்கலைக்கழகம் நேராக நின்றது. போட்ட கூச்சலில் குதிரைகள் மிரண்டன. டோர்கில் முதல் ஆளாக உள்ளே ஓடினான்.

"புரொபசரே, மரம் இன்னும் ரெண்டு மடங்கு நீளமா இருந்தா என்ன ஆவும்?"

ரடிக் ரயிலடியிலிருந்து வந்த குழுவின் வண்டி வாசலில் நின்றபோது, உள்ளே இந்தக் கேள்விக்குத்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது. குழுத்தலைவர் கிரேவ்ஸ் சிவந்த மூக்கை உள்ளே நீட்டினார்.

"இதுதான் கால்டர் பல்கலைக்கழகமா? ஊருக்குள்ள இருக்குன்னு சொன்னாங்களே?"

பின்பெஞ்சு தலையைக் குனிந்துகொண்டது. அரசாங்கக் கட்டடத்தை இழுத்தவனுக்குச் சிறைச்சாலை தயாராக இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"இவங்கல்லாம் யாரு?"

டில்லிங் பொய் சொல்லிப் பழகாத மனிதர். வாயைத் திறந்தார். அதற்குள் டோர்கில் எழுந்துவிட்டான்.

"மாணவருங்க, ஐயா."

கிரேவ்ஸ் அவன் தாடியையும் எருமைத்தோல் கோட்டையும் மேலும் கீழும் பார்த்தார். "நீயுமா?"

"ஆமாங்க. லேட்டாத்தான் சேர்ந்தேன்."

"இன்னிக்கு என்ன படிச்ச?"

டோர்கில் சுண்ணக்கட்டியைக் கோடாலி மாதிரி பிடித்துக்கொண்டு நெம்புகோலை விளக்கினான். பாதியில் பின்பெஞ்சுக்காரர்கள் அவனைத் திருத்த ஆரம்பித்து, கிரேவ்ஸே கைதட்டி அடக்க வேண்டியதாயிற்று.

"ரெண்டு ஊரும் இதுக்காக அடிச்சுக்கும்னு மன்றத்துல எங்களுக்கெல்லாம் பயம்" என்றார் அவர். "சரியா நடுவுல வெச்சிருக்கீங்க. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"இவங்கதான்" என்றார் டில்லிங், பின்பெஞ்சைக் காட்டி. "ரொம்பச் சிரமப்பட்டு." இதில் பொய் எதுவும் இல்லை.

அனுமதி நிலைத்தது, அதே இடத்தில். குழு போனதும் ரடிக்காரர்கள் பெஞ்சில் புரண்டு சிரித்தார்கள். டில்லிங் சிரிக்கவில்லை.

"டோர்கில், என் வகுப்புல இன்னிக்கு ஒரு பொய் சொல்லியாச்சு. அதை நான் எப்படிச் சரி பண்றது?"

டோர்கில் தாடியைச் சொறிந்தான். குதிரைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை, வீடு வாசல் இல்லாத வெட்டவெளியில் டில்லிங் மணியடித்தார். அவருடைய பழைய மாணவர்கள் வந்தார்கள். கதவைச் சாத்தப் போனவர் மேற்கே ஒரு வண்டியைக் கண்டார். அதன் பின்னால் இன்னொன்று. டோர்கில் தலைமுடியை ஈரமாக்கி வாரி, கக்கத்தில் சிலேட்டோடு இறங்கினான்.

"அரசாங்கத்துக்கு முன்னால சொல்லிட்டேன். பொய்யாப் போவக் கூடாதுல்ல" என்றான்.

கிழக்கேயிருந்தும் வண்டிச் சத்தம். ஹைரம் தன் மகன்களை ஏற்றிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தார். "ரடிக்காரனுங்க படிக்கிறானுங்களாமே! நம்ம பசங்க மட்டும் என்ன இளப்பமா?"

பெஞ்சு போதவில்லை. டில்லிங் தன் நாற்காலியை டோர்கிலுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பாடம் நடத்தினார். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை லவினியா அதற்கு முன் பார்த்ததில்லை.

பின்னால் அங்கே செங்கல் கட்டடங்கள் எழும்பின. தலைமுடி முழுதும் நரைக்கும்வரை டில்லிங்தான் தலைவர். முதல் பட்டமளிப்பில் டோர்கிலின் பெயரை அவரே கூப்பிட்டார். டோர்கில் மேடையேறிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, அவர் காதருகே குனிந்தான்.

"புரொபசரே, இப்போ அது பொய் இல்லையே?"

"இல்லடா" என்றார் டில்லிங். பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு டோர்கிலின் கையைப் பிடித்துக்கொண்டார். கியெர்ஸ்டிதான் எழுந்து வந்து மீதிப் பெயர்களைப் படித்தாள்.